கல் சோபாவும் மெத்தை சோபாவும்

ஐந்து நிமிடமும் ஒரு மணி நேரமும்

சோபா வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்து பார்க்கும் பரிசோதனை ஒன்றுதான். மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து, இரண்டு முறை எம்பிப் பார்ப்பார்கள். நன்றாக உள்ளே இறங்கினால் முகம் மலரும். “மெத்து மெத்துன்னு இருக்கு, இதையே போட்டுடுங்க” என்று முன்பணம் கட்டிவிட்டு வருவார்கள்.

அதே சோபா வீட்டுக்கு வந்ததும் வேறு முகம் காட்டுகிறது. ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. முதுகும் தொடையும் வேர்த்து ஒட்டுகின்றன. வீட்டுப் பாட்டி எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. சில நாளில் அவர் சோபாவை விட்டுவிட்டு, பழையபடி பிளாஸ்டிக் நாற்காலியிலோ வாசல் திண்ணையிலோ போய் உட்கார்ந்துகொள்கிறார்.

கடையில் அவ்வளவு சுகமாக இருந்தது வீட்டில் ஏன் வலிக்கிறது? கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல முடியாது. முதல் ஐந்து நிமிடத்தில் நம் கைக்கும் தோலுக்கும் தெரிவது மென்மை மட்டும்தான். எடை, சூடு, அசைவு ஆகிய மூன்றும் மெதுவாக வேலை செய்பவை. அவை தங்கள் கணக்கைக் காட்ட அரை மணி நேரமாவது ஆகும். இந்த அத்தியாயம் அந்த மூன்றையும் பற்றியது.

ஒரே ஆசிரமம், இரண்டு சோபாக்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் பழைய ஹாலைப் பார்த்திருப்பார்கள். சின்னக் கூடம்தான். 1922-இல் தாயார் அழகம்மாள் மறைந்த பிறகு, ரமண மகரிஷி மலைமேலிருந்த ஸ்கந்தாசிரமத்தை விட்டு அடிவாரத்துக்கு இறங்கி வந்தார். 1920களின் பிற்பகுதியிலிருந்து 1949 வரை அவர் வாசம் செய்த இடம் இந்தக் கூடம். அவர் அமர்ந்திருந்த சோபா இன்றும் அங்கே இருக்கிறது. பகலில் அதில் அமர்ந்துதான் வருகிறவர்களுக்குத் தரிசனம் தந்தார். இரவில் படுத்ததும் அதே சோபாவில்தான்.

சில எட்டு தள்ளி, தாயார் சந்நிதிக்கு முன்னால், புதிய ஹால் இருக்கிறது. அந்தச் சந்நிதியான மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த ஹாலில் அவருக்காகக் கருங்கல்லில் செதுக்கிய பெரிய சோபா ஒன்று போடப்பட்டது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். ஆகவே கல் சோபாவை அவர் பயன்படுத்தியது கொஞ்ச காலம்தான்.

ஒரே வளாகத்தில், ஒரே மனிதருக்காக, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு இருக்கைகள். இவற்றை வைத்து ஒரு ஞானியின் வாழ்க்கையை அளக்க நான் வரவில்லை. சோபாவின் அறிவியலைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான ஜோடி வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். ஒரு முனையில் கருங்கல், மறுமுனையில் மெத்தை. நாம் கடையில் பார்க்கும் எல்லா சோபாக்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன.

நம் கணக்குக்கு ஓர் ஆளையும் வைத்துக்கொள்வோம். 65 வயது அம்மா. எடை 60 கிலோ. முழங்காலில் கொஞ்சம் தேய்மானம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நிதானமாக முடித்துவிட்டு உட்கார இடம் தேடுகிறார்.

எடை எங்கே இறங்குகிறது?

அம்மா முதலில் கிரிவலப் பாதை ஓரத்துக் கல் பெஞ்சில் உட்காருகிறார். பாதங்கள் தரையில் இருப்பதால் உடல் எடையில் ஒரு பகுதி கால் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. மீதி, ஏறக்குறைய 45 கிலோ, இருக்கையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 45 கிலோவும் சமமாகப் பரவுவதில்லை. இடுப்பெலும்பின் அடியில் இரண்டு புடைப்புகள் உண்டு. கெட்டியான இடத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்தால் அவை கையில் தட்டுப்படும். அவற்றை அமர்வெலும்புகள் என்று அழைக்கலாம். கல் வளைந்து கொடுக்காது. அதனால் இந்த எலும்புகளைச் சுற்றியுள்ள சிறு பரப்புதான் கல்லைத் தொடுகிறது. விரித்த இரண்டு கைகளின் அளவு, சுமார் 300 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சராசரியாக 150 கிராம் அழுத்துகிறது. அமர்வெலும்புகளுக்கு நேர் கீழே அது இன்னும் அதிகம்.

இப்போது அம்மாவை நல்ல மெத்தை போட்ட சோபாவுக்கு மாற்றுவோம். மெத்தை அமுங்கி உடலின் வளைவை வாங்கிக்கொள்கிறது. பிட்டமும் தொடையும் சேர்ந்து பாரத்தைப் பகிர்கின்றன. தொடும் பரப்பு ஒரு சதுர அடிக்குச் சற்று மேலே, 1,000 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அதே 45 கிலோ இப்போது சதுர சென்டிமீட்டருக்கு 45 கிராம்தான். மெத்தை எடையைக் குறைக்கவில்லை, பங்கு பிரித்துத் தந்திருக்கிறது. மென்மை என்று நாம் உணர்வது இந்தப் பங்கீட்டைத்தான்.

பங்கீடு ஏன் முக்கியம்? தோலுக்குள் ரத்தத்தைக் கொண்டுபோகும் நுண்குழாய்கள் மிக மெல்லியவை. 1930-இல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நகத்தின் அடித்தோலில் உள்ள நுண்குழாய்களுக்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி அங்குள்ள ரத்த அழுத்தத்தை அளந்தார். ரத்தம் உள்ளே நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தது. அதை நம் கணக்குக்கு மாற்றினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 43 கிராம். வெளியிலிருந்து இதைவிட அதிகமாக அழுத்தினால் ரத்த ஓட்டம் உடனே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. தசையும் கொழுப்பும் நடுவில் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. ஆனாலும் அந்த எண் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. கல்லில் அம்மாவின் அழுத்தம் 150. நல்ல மெத்தையில்கூட 45, அதாவது எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும், அசையாமல் மணிக்கணக்கில் உட்காரக்கூடிய சோபா உலகத்தில் கிடையாது.

மெத்தையைத் தராசில் வையுங்கள்

இன்றைய சோபாக்களின் உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயரின் குழு இந்தப் பொருளைக் கண்டறிந்தது. அதை நுரையாகப் பொங்கவைத்து உறைய விட்டால் ஃபோம் ஆகிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் “32 டென்சிட்டி”, “40 டென்சிட்டி” என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ, 40 கிலோ எடை இருக்கும் என்பதே அதன் பொருள். கெட்டியான பாலியூரித்தேன் கன மீட்டருக்கு 1,200 கிலோ அளவில் எடை இருக்கும். அப்படியானால் 32 டென்சிட்டி ஃபோமில் நூற்றுக்குத் 97 பங்கு வெறும் காற்று.

பலர் டென்சிட்டி அதிகமென்றால் மெத்தை கடினமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒரே டென்சிட்டியில் மெதுவான ஃபோமும் செய்யலாம், கெட்டியான ஃபோமும் செய்யலாம். டென்சிட்டி சொல்வது, காற்றறைகளின் சுவர்களுக்கு எவ்வளவு பொருள் செலவழித்திருக்கிறார்கள் என்பதை. சுவரில் பொருள் குறைந்தால், தினமும் அமுங்கி எழும் வேலையில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். பிறகு நடுவில் குழி விழும். அமர்வெலும்பு மெத்தையைத் தாண்டி அடிப்பலகையில் தட்டும். மெத்தை போட்ட சோபா அந்த இடத்தில் மறுபடி கல் பெஞ்சாகிவிடும்.

இதைக் கடையிலேயே சோதிக்க வழி உண்டு. உறையின் ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, ஐந்து அங்குலக் கனம் உள்ள துண்டு என்றால், 32 டென்சிட்டியில் ஏறக்குறைய 1,500 கிராம் இருக்க வேண்டும். 40 என்றால் 1,900 கிராம். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கிலோகூடத் தேறவில்லை என்றால், அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். மளிகைக் கடைத் தராசு ஒன்று போதும்.

கல் ஏன் ஜில்லென்று இருக்கிறது?

நிழலில் இருக்கும் கருங்கல் தூணையும் பக்கத்திலுள்ள மரக்கதவையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள். கல் குளிரும், மரம் குளிராது. ஆனால் வெப்பமானி வைத்தால் இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கும். கை உணர்வது பொருளின் சூட்டை மட்டுமல்ல, அந்தப் பொருள் கையிலிருந்து எவ்வளவு வேகமாகச் சூட்டை உறிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துத்தான். சூட்டைக் கடத்தும் வேகத்தில் ஃபோமை ஒன்று என்று வைத்தால், தேக்கு ஏறக்குறைய ஐந்து, கருங்கல் எண்பதிலிருந்து நூறு வரை.

நம் தோலின் சூடு 33 டிகிரி அளவில் இருக்கும். கூடத்துக்குள் இருக்கும் கல் 29, 30 டிகிரியில் இருந்தால் அது உடல் சூட்டை விறுவிறுவென்று வாங்கிக்கொள்ளும், சுகமாக இருக்கும். அதே கல் சித்திரை வெயிலில் கிடந்தால் அதே வேகத்தில் சூட்டை உடலுக்குள் அனுப்பும். கோடையில் கோயில் வெளிப்பிராகாரங்களில் நடக்கிறவர்களுக்காகத் தேங்காய் நார் விரிப்பு போட்டிருப்பதன் காரணம் இதுதான். பகல் முழுக்க வெயில் குடித்த கல் இரவிலும் சீக்கிரம் ஆறாது. கல் நண்பனா எதிரியா என்பதை அது இருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது.

மெத்தையின் கதை வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் சூட்டை இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நூற்றுக்குத் 97 பங்கு காற்றை அடைத்து வைத்திருக்கும் ஃபோம் அந்தச் சூட்டைப் போகவிடாது. முதல் ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. பிறகு நம் சூடே நம்மிடம் திரும்பி வரும். உடல் வேர்க்கத் தொடங்கும். ஆனால் வேர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை, வேர்வை ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது 580 கலோரி அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். உறை ரெக்சினாக இருந்தால் ஆவி போக வழியில்லை. வேர்வை அங்கேயே தேங்கித் தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் எளிதில் உராய்ந்து எரியும். மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் முதுகுக்கும் சோபாவுக்கும் நடுவில் அதன் காற்று நுழையாது.

கடற்காற்று எட்டாத திருவண்ணாமலையில், கோடையில் காற்றே தோலைவிடச் சூடாகும் பகல்கள் வரும். அந்த நேரத்தில் உடலைக் குளிர்விக்க வேர்வையை விட்டால் வேறு வழி இல்லை. அதனால்தான் இந்த ஊருக்கு உறையின் துணி, மெத்தையின் கனத்தைப் போலவே முக்கியம். பருத்தி உறை வேர்வையை உறிஞ்சிப் பரப்பி ஆவியாக விடும். பிரம்புப் பின்னல் இன்னும் ஒரு படி மேல், அதன் கண்கள் வழியாகக் காற்றே நேரில் வந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் துடைக்க எளிது என்று ரெக்சினை வாங்கினால், கோடை மாதங்களில் கனமான பருத்தி விரிப்பை மேலே போட்டுக்கொள்ளுங்கள். நம் பாட்டிகள் மெத்தையில் அடைத்த இலவம்பஞ்சின் இழைகள் உள்ளே குழலாக, காற்று நிறைந்தவை. அந்த மெத்தை அமுங்கிப் போனால் வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பார்கள். ஈரமும் போகும், பஞ்சும் உப்பும். ஃபோமை அப்படி வெயிலில் போடாதீர்கள். வெயில் பட்டால் அது மஞ்சளித்து உதிரும். நிழலில் காற்றாட வைப்பதே போதும்.

முதுகு கேட்பது என்ன?

முதுகெலும்புகளுக்கு நடுவில் ரப்பர் போன்ற தட்டுகள் உண்டு. பேச்சு வழக்கில் ஜவ்வு என்கிறோம். உட்காரும்போது இவற்றின்மேல் எவ்வளவு அழுத்தம்? ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில், அழுத்தமானி பொருத்திய ஊசியை உயிருள்ள மனிதர்களின் ஜவ்வுக்குள் செலுத்தியே இதை அளந்தார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயின் குழு, ஒரே ஒரு தன்னார்வலரிடம் புதிய கருவியால் மீண்டும் அளந்தது. சாயாமல் இயல்பாக உட்காரும் நிலையைப் பற்றி இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. நிற்பதைவிட அழுத்தம் நன்றாகவே கூடுகிறது என்றார் நாக்கெம்சன், சற்றுக் குறைகிறது என்றது வில்கே குழு. ஆனால் இரண்டு விஷயங்களில் இருவரும் ஒரே பக்கம். பின்னால் நன்றாகச் சாய்ந்தால் அழுத்தம் குறையும், முன்னால் கூன் போட்டால் எகிறும். வில்கே குழுவின் அளவில், நாற்காலியில் பின்னால் சரிந்து உட்காரும்போது நிற்பதில் பாதி அளவே இருந்தது. முன்னால் நன்றாக வளைந்தபோது ஒன்றரை மடங்கைத் தாண்டியது.

இங்கே பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். சாய்வது நல்லது என்றால், சாய்ந்த நிலையிலேயே உடலைப் பிடித்து வைக்கும் ஆழமான சோபாதானே சிறந்தது? இல்லை. வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து, சுற்றிலுமுள்ள திசுக்களிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்துதான் வர வேண்டும். அழுத்தம் கூடுவதும் குறைவதும், நாம் அசைவதும்தான் ஜவ்வுக்குள் நீரை வெளியேற்றி உள்ளே இழுக்கின்றன. எந்த நிலையும் நீண்டு போனால் கெடுதல்தான். அது எவ்வளவு சரியான நிலையாக இருந்தாலும் சரி.

தரையில் உட்காரும் வழக்கத்தின் நன்மை இதில்தான் இருக்கிறது. தரை உறுத்துகிறது. அதனால் சம்மணத்திலிருந்து ஒரு காலை மடக்குகிறோம், மற்றதை நீட்டுகிறோம், சுவரில் சாய்கிறோம், திரும்புகிறோம். உறுத்தல்தான் நம்மை அசைய வைக்கிறது. ஆழமான மெத்தை அந்த உறுத்தலை எடுத்துவிடுகிறது, அசையவும் விடுவதில்லை. புதைந்த உடலைத் திருப்பத் தனியாக முயற்சி வேண்டியிருக்கிறது.

பழைய ஹாலின் சோபாவில் கவனிக்க வேண்டியதும் இதுதான். நீளமான, தட்டையான இருக்கை அது. மகரிஷியின் படங்களைப் பாருங்கள். ஒன்றில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். இன்னொன்றில் தலையணைகளில் சாய்ந்து காலை நீட்டியிருக்கிறார். முழங்கால் வாதத்தால் அவதிப்பட்ட உடல், பல ஆண்டுகள் பகலும் இரவும் ஒரே இருக்கையில் இருக்க முடிந்தது என்றால், அந்த இருக்கை ஒரே நிலையை அவர்மேல் திணிக்கவில்லை என்பதை நாம் கவனிக்கலாம். முதுகுக்கு வேண்டிய சாய்வைத் தலையணைகள் தந்தன. அவற்றை நகர்த்தலாம், கூட்டலாம், எடுத்துவிடலாம்.

எழுந்திருக்கும் கணக்கு

அம்மாவிடம் திரும்புவோம். முழங்காலின் பின்பக்கக் குழியிலிருந்து தரை வரை அவருக்கு 15 அங்குலம். முதுகிலிருந்து முழங்கால் குழி வரை 17 அங்குலம்.

கடையில் பார்த்த மெத்து சோபாவின் உயரம் 17 அங்குலம், ஆழம் 22 அங்குலம். உட்கார்ந்ததும் 4 அங்குலம் உள்ளே போகிறது, ஆகவே உண்மையான உயரம் 13. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. எழ வேண்டுமானால் உடலின் எடை மையம் பாதத்துக்கு நேர் மேலே வர வேண்டும். இருக்கை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு தூரம் உடலை முன்னும் மேலும் தள்ள வேண்டும். அந்தப் பாரம் முழுவதும் தொடைத் தசைமேலும் தேய்ந்த முழங்கால்மேலும் விழுகிறது. ஆழமோ ஐந்து அங்குலம் அதிகம். பின்னால் சாய்ந்தால் விளிம்பு காலை அழுத்துகிறது, காலைத் தரையில் ஊன்ற முன்னால் வந்தால் முதுகுக்குத் தாங்கல் இல்லை. கூன் விழுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். எழுவதற்கு முன் நாம் எல்லோரும் குதிகாலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோம். சோபாவின் முன்பக்கம் தரைவரை பெட்டி போல அடைத்திருந்தால் குதிகாலுக்குப் போக இடமில்லை. கைப்பிடி பஞ்சாக அமுங்கினால் கையூன்றியும் பலனில்லை.

அதே அம்மாவை மரச்சட்டம் போட்ட சோபாவில் உட்கார வைப்போம். உயரம் 17, கெட்டியான நாலு அங்குல மெத்தை, ஒன்றரை அங்குலம்தான் அமுங்குகிறது. மிஞ்சும் உயரம் 15½. ஆழம் 19. முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு திண்டு வைத்தால் அது 16 ஆகி, முழங்கால் குழிக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் புகும் இடைவெளி கிடைக்கிறது. அடியில் கால்கள் இருப்பதால் குதிகால் உள்ளே போகிறது. மரக் கைப்பிடியில் ஊன்றி, யார் தயவும் இல்லாமல் எழுந்துவிடுகிறார். வீட்டில் உயரமான மகன் இருந்தால் திண்டை எடுத்துவிட்டு உட்காரட்டும். உறை பருத்தி.

யாருக்கு அளவெடுப்பது?

இந்தக் கணக்கை வைத்து நான் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். சோபாவை அதில் அதிக நேரம் உட்காரப் போகிறவருக்காக, எழுந்திருக்கச் சிரமப்படுகிறவருக்காக வாங்க வேண்டும். அனேகமாக அவர் வீட்டின் மூத்த பெண்ணாக இருப்பார். கடைக்குப் போகும்போது அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். போவதற்கு முன் அங்குல டேப்பை எடுத்து இரண்டே அளவு எடுங்கள்: முழங்கால் குழியிலிருந்து தரை, முதுகிலிருந்து முழங்கால் குழி. கடையில் அவரை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். அந்த நேரத்தில் அவர் எத்தனை முறை எளிதாக நிலை மாற்றினார், கடைசியில் தானாக எழுந்தாரா என்று பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போகலாம்.

கடை சோபா எதுவும் அளவுக்கு வரவில்லை என்றால் ஆசாரியிடம் போங்கள். உயரத்தையும் ஆழத்தையும் எழுதிக் கொடுத்தால் அதே அளவுக்குச் சட்டம் போட்டுத் தருவார். மெத்தையைத் தனியாக எடை பார்த்து வாங்கிக்கொள்ளலாம். ஐந்தாறு வருடத்தில் ஃபோம் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. உயரமும் அப்படியே இருக்கும். அம்மாவின் முழங்காலுக்குப் பழகிய உயரம் அது.